மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது?



சென்ற மாசி மாதத்தில் ஒருநாள். எங்கள் தையல் நிலையத்தில் மதியச் சாப்பாடு முடிந்து, எல்லோரும் வேப்பமர நிழலில் சற்று ஆறியிருந்த நேரம். மூன்றாவது தையல் மெசினில் இருந்து தைக்கும் தங்கச்சி தன்னுடைய கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு என்னருகே வந்தாள்.

"அக்கா, இதை ஒருக்காப் பாருங்கோ."

அது ஒரு சிறிய விளம்பரப் படம். இருட்டான ஒரு மண்டபம். நடுவில் துணியால் போர்த்திய ஏதோ ஒன்று நிற்கிறது. பின்னால் இசை. நடக்க இயலாதவர்கள் இனி நடப்பார்கள், ஓடுவார்கள், மலை ஏறுவார்கள் என்று ஒரு குரல் சொல்கிறது. கடைசியில் "விரைவில்" என்ற ஒரேயொரு சொல் தெரிகிறது. துணி விலகவேயில்லை.

அந்தத் தங்கச்சி 2009 ஆம் ஆண்டில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள். இடது காலால் மெசினை மிதித்து, பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துத் தன் தாயையும் மகனையும் பார்க்கிறாள். அவள் போட்டிருந்த செயற்கைக் கால் பழையது. காலைச் செருகும் கிண்ணம் தளர்ந்துபோய், உள்ளே சீலைத்துண்டு சுற்றித்தான் நடந்தாள். புதுக் காலுக்கு அளவெடுக்க வரும்படி மறுவாழ்வு நிலையத்தில் இருந்து இரண்டு தடவை அறிவித்தல் வந்தும் அவள் போகவில்லை. ஏன் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

"உது வரப்போகுதெல்லோ அக்கா. பிறகு நான் ஏன் இப்ப புதுக்கால் போடுவான்? அதுமட்டும் உள்ளதோட சமாளிப்பம் எண்டு நினைக்கிறன்."

சுற்றியிருந்தவர்களும் கதையில் சேர்ந்துகொண்டார்கள். அது வெயிலில் சார்ஜ் ஆகுமாம் என்றாள் ஒருத்தி. வெளிநாட்டு நிறுவனங்கள் இலவசமாகத் தருமாம் என்றாள் இன்னொருத்தி. நல்ல கைத்தொலைபேசி ஒன்றின் விலைதான் வருமாம் என்று மூன்றாவது பிள்ளை சொன்னாள். அந்தப் படத்தில் இவற்றில் ஒன்றுமே சொல்லப்படவில்லை. துணிக்குள் இருப்பதை எவரும் காணவுமில்லை. ஆனால் அரை மணித்தியாலத்துக்குள் எங்கள் வேப்பமரத்தடியில் அந்த யந்திரத்துக்கு விலையும் வந்துவிட்டது, தருபவரும் வந்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளது காலில் புண் இருப்பது எனக்குத் தெரியும். "வராது, பேசாமல் இரு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் வருமா வராதா என்பது எனக்கும் தெரியாது. நம்பிக்கை கொள்வதும் குற்றமில்லை. ஆகவே அன்று அவர்களுக்கு ஒரு கதை சொன்னேன். உண்மையாக நடந்த கதை. அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

*

இது அமெரிக்காவில் நடந்தது. அங்கே நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தின் மன்செஸ்டர் என்ற ஊரில் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் இருக்கிறார். 1951 இல் பிறந்தவர். பல்கலைக்கழகப் படிப்பை முடிக்காதவர். ஆனாலும் நோயாளி தன் உடலிலேயே கட்டிக்கொண்டு நடமாடக்கூடிய மருந்தேற்றும் கருவியையும், வீட்டில் வைத்தே குருதியைச் சுத்திகரிக்கக்கூடிய யந்திரத்தையும் உருவாக்கிப் பெயர் பெற்றவர். 2000 ஆம் ஆண்டில் அந்நாட்டின் உயர் தொழில்நுட்ப விருது அவருக்குக் கிடைத்தது. வெறும் வாய்ப்பேச்சுக்காரர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

2001 ஜனவரியில் ஒரு செய்தி கசிந்தது. கேமன் மிக இரகசியமாக ஏதோ ஒன்றைச் செய்கிறார். அதைப் பற்றி ஸ்டீவ் கெம்பர் என்ற எழுத்தாளர் எழுதவுள்ள நூலுக்கு ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் பதிப்பகம் 250,000 டொலர் கொடுக்க உடன்பட்டிருக்கிறது என்பதே அந்தச் செய்தி. அந்தப் பொருள் என்னவென்று நூலுக்கான முன்மொழிவில் சொல்லப்படவில்லை. "ஜிஞ்சர்" என்ற மறைபெயர் மாத்திரமே இருந்தது. (எங்கள் பிள்ளைகள் "இஞ்சியோ அக்கா?" என்று கேட்டார்கள். ஜிஞ்சர் ரொஜர்ஸ் என்ற பழைய ஹொலிவூட் நடன நடிகையின் பெயரிலிருந்து வந்தது அது.) ஆனால் அதைக் கண்ணால் கண்ட பெரிய மனிதர்கள் சொன்னவை அந்த முன்மொழிவில் இருந்தன. அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ், நகரங்களே இந்தப் பொருளுக்கு ஏற்றவாறு அமைக்கப்படும் என்ற கருத்தில் பேசியிருந்தார். அமேசன் நிறுவனத்தின் ஜெப் பெஸோஸ், இதை விற்பதில் கஷ்டம் இராது, இதைப் பாவிக்க மக்களை அனுமதிப்பார்களா என்பதே கேள்வி என்றிருந்தார். முதலீட்டாளரான ஜோன் டோர், இணையத்தையே மிஞ்சக்கூடியது என்று நினைத்தார்.

இனிக் கேட்க வேண்டுமா? நாடு முழுவதும் இதே கதையாகிவிட்டது. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் "அது என்ன?" என்று கேட்கத் தொடங்கின. "அது" என்பதே அதன் பெயராகிவிட்டது. ஐதரசனில் ஓடும் வண்டி என்றார்கள் சிலர். நிலத்தில் முட்டாமல் மிதந்து செல்லும் வாகனம் என்றார்கள். புவியீர்ப்பை வெல்லும் யந்திரம் என்றவர்களும் இருந்தார்கள். ஒருவரை ஓரிடத்தில் மறையச் செய்து இன்னோரிடத்தில் தோன்றச் செய்யும் பெட்டி என்றுகூட ஊகித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கேமனின் காப்புரிமை விண்ணப்பம் ஒன்று அப்போதே பகிரங்கமாக இருந்தது. சக்கரத் தட்டு ஒன்றின் மேல் ஓர் ஆள் நிற்கும் படம் அதில் வரையப்பட்டிருந்தது. சிலர் அதைத் தேடி எடுத்தும் காட்டினார்கள். ஆனால் மிதக்கும் வண்டியை எதிர்பார்த்தவர்களுக்குச் சக்கர வண்டி ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. "இது அதுவாக இருக்க முடியாது" என்று தள்ளிவிட்டார்கள்.

கேமனே இந்த ஆரவாரத்தைக் கண்டு சங்கடப்பட்டார். அவர் விடுத்த அறிக்கையில் முக்கியமான ஒன்றைச் சொன்னார். அந்தப் பிரமுகர்கள் சொன்ன புகழ்ச்சி மாத்திரம் வெளியே வந்திருக்கிறது. அவர்கள் கூடவே சொன்ன சந்தேகங்களும், ஆபத்துகளும், "ஒருவேளை"களும் வெட்டப்பட்டுவிட்டன என்றார். சகோதரிகளே, இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருவேன்.

கிட்டத்தட்ட 11 மாதங்கள் இப்படிப் போயின. 2001 டிசெம்பர் 3 ஆம் திகதி காலை, நியூயோர்க் நகரின் ப்ரயன்ட் பூங்காவில், ஏ.பி.சி. தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியில் திரை விலகியது.

உள்ளே இருந்தது, இரண்டு சக்கரங்களும் ஒரு தட்டும் ஒரு பிடியும் கொண்ட மின்சார வண்டி. ஒருவர் நின்றபடி செல்லலாம். "செக்வே" என்று பெயர் வைத்திருந்தார்கள். நிகழ்ச்சியை நடத்தியவரே "இவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றுவதாகச் சொன்னார்.

*

நியாயமாகப் பேசுவதானால், அது ஒரு நல்ல கண்டுபிடிப்புத்தான். அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நாம் நிற்கும்போது சற்று முன்னால் சாய்ந்தால் விழப்போகிறோம் என்று மூளைக்குத் தெரிகிறது. காதினுள்ளே இருக்கும் திரவம் அதை உணர்த்துகிறது. உடனே ஒரு காலை முன்னால் வைக்கிறோம், விழாமல் தப்புகிறோம். நடப்பது என்பது இப்படி விழப்போவதும் தப்புவதும்தான். காலை இழந்த சகோதரிகள் செயற்கைக் காலுடன் முதன்முதல் நடக்கப் பழகியபோது இதை நன்றாகவே உணர்ந்திருப்பீர்கள். செக்வே வண்டியில் காதுத் திரவத்தின் வேலையைக் கைரோஸ்கோப் எனப்படும் 5 கருவிகள் செய்தன. மேலே நிற்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதை ஒரு செக்கனுக்கு சுமார் 100 தடவை அவை அளந்தன. முன்னால் சாய்ந்தால் சக்கரம் முன்னால் உருண்டு அவரைத் தாங்கியது. பின்னால் சாய்ந்தால் நின்றது. மணிக்கு 20 கிலோமீற்றர் வரை ஓடியது.

அப்படியானால் என்ன குறை?

முதலாவது, விலை. 2002 நவம்பரில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தபோது ஒன்றின் விலை 4,950 டொலர். அமெரிக்காவிலும் அது சாதாரண குடும்பத்துக்குப் பெரிய தொகை. இரண்டாவது, நிறை. சுமார் 38 கிலோ. மாடிவீட்டில் இருப்பவர் அதைப் படியில் தூக்கிக்கொண்டு போக முடியாது. மூன்றாவது, ஓடுவதற்கு இடம். வீதியில் போனால் கார்களுக்கு மெதுவாக இருந்தது. நடைபாதையில் போனால் நடப்பவர்களுக்கு வேகமாக இருந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2002 இறுதியில் நடைபாதைகளில் அதைத் தடைசெய்தது. "அனுமதிப்பார்களா?" என்று பெஸோஸ் கேட்டது விளையாட்டுக் கேள்வி அல்ல என்பது அப்போதுதான் விளங்கியது.

பற்றரி இறங்கும் நேரத்தில் ஆட்கள் விழுந்ததால் 2003 இல் சுமார் 6,000 வண்டிகளைத் திருத்துவதற்காக மீள அழைத்தார்கள். விற்பனையானதே அவ்வளவுதான் என்பதும் அதனால் வெளியே தெரிந்தது. 2006 இல் இன்னொரு பழுதுக்காக மீள அழைத்தபோது கணக்கு 23,500 ஆக இருந்தது. 2002 முடிவதற்குள் வாரத்துக்கு 10,000 வண்டிகள் செய்யலாம் என்று எதிர்பார்த்தவர்கள் அவர்கள். கடைசியில் 2020 ஜூலை மாதத்தில் அந்த வண்டியின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதுவரை உலகம் முழுவதும் விற்றவை சுமார் 140,000. வாரத்துக்கு 10,000 என்ற கணக்கில் பார்த்தால் 14 வார உற்பத்தி. அதை விற்க ஏறக்குறைய 18 ஆண்டுகள் எடுத்தன.

பொலிஸார் பாவித்தார்கள், விமான நிலையக் காவலர்கள் பாவித்தார்கள், சுற்றுலாப் பயணிகள் வாடகைக்கு எடுத்து ஓடினார்கள். அது தன்னளவில் கெட்டுப்போகவில்லை. ஆனால் நகரங்கள் அதற்காக மாறவில்லை.

*

இவ்வளவு படித்தவர்கள், இவ்வளவு பணமுள்ளவர்கள் எப்படி ஏமாந்தார்கள் என்று எங்கள் நிலையத்தில் ஒரு பிள்ளை கேட்டாள். நான் யோசித்துப் பார்த்ததைச் சொல்கிறேன்.

மூடிய பெட்டிக்குள் இருப்பதை ஒருவரும் காண்பதில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை அதற்குள் வைத்துப் பார்க்கிறார்கள். வாகன நெரிசலில் தினமும் அவதிப்படுபவருக்கு அது பறக்கும் வண்டி. எண்ணெய் விலை பற்றிக் கவலைப்படுபவருக்கு அது தண்ணீரில் ஓடும் யந்திரம். எங்கள் தங்கச்சிக்கு அது வலியில்லாத ஒரு கால். பெட்டி திறக்கும்வரை எல்லோருடைய ஆசைக்கும் உள்ளே இடமிருக்கிறது. திறந்த பிறகுதான் அங்கே ஒரேயொரு பொருள், ஒரு விலை, ஒரு நிறை மாத்திரம் இருக்கிறது.

அடுத்தது, நான் முன்னர் மனதில் வைக்கச் சொன்ன விடயம். புகழ்ச்சி கால்முளைத்து ஓடிவரும். சந்தேகம் வீட்டிலேயே தங்கிவிடும். அந்த ஸ்டீவ் ஜொப்ஸ் இருக்கிறாரே, அவர் 2000 டிசெம்பரில் நடந்த ஒரு கூட்டத்தில் இந்த வண்டியின் வடிவம் சற்றும் சரியில்லையென்று முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறார். கெம்பருடைய நூல் 2003 இல் வெளிவந்தபோதுதான் அது எல்லோருக்கும் தெரியவந்தது. ஒரே மனிதர் சொன்ன இரண்டு கதைகள். புகழ்ச்சி 2001 தொடக்கத்திலேயே உலகைச் சுற்றியது. குறை இரண்டு ஆண்டுகள் பிந்தி வந்தது.

எமக்கு இது புதிதல்ல. போர்க்காலத்தில் பாதை திறக்கப் போகிறதாம், கப்பல் வருகிறதாம் என்று எத்தனை "ஆம்" கேட்டோம். சொல்பவர் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. கேட்பவரின் தேவைதான் அந்தக் கதைக்குச் சிறகு கட்டுகிறது.

*

இந்தக் கதையில் பலருக்குத் தெரியாத இன்னொரு பாதி இருக்கிறது. எங்கள் தங்கச்சிக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்பியது அதைத்தான்.

செக்வே வண்டியின் சமநிலைத் தொழில்நுட்பம் முதலில் நடக்கக்கூடியவர்களுக்காக உருவாகவில்லை. சக்கர நாற்காலியில் வந்த ஓர் இளைஞர் நடைபாதையின் ஓரத்தில் ஏற முடியாமல் பாடுபடுவதைக் கேமன் கண்டார். அதிலிருந்து பிறந்த எண்ணம்தான் "ஐ-பொட்" என்ற மின்சாரச் சக்கர நாற்காலி. அது மணலிலும் கல்லிலும் செல்லும். படி ஏறும். எல்லாவற்றையும்விட, பின்சக்கரம் இரண்டில் எழுந்து நின்று, அமர்ந்திருப்பவரை உயர்த்தி, நிற்பவர்களின் கண்ணுக்கு நேராகப் பேச வைக்கும். ஜிஞ்சர் ரொஜர்ஸுடன் சேர்ந்து ஆடிய நடனக்காரர் பிரெட் அஸ்டயரின் பெயரால் இந்த நாற்காலியை "பிரெட்" என்று அழைத்தார்கள். அந்தப் பிரெட்டுக்குத் துணையாகப் பின்னர் வந்ததுதான் ஜிஞ்சர்.

இந்த நாற்காலி 1999 இலேயே தொலைக்காட்சியில் காட்டப்பட்டுவிட்டது. அதற்கு மூடுதிரை இல்லை. அதனால் 2001 இல் "அது என்ன?" என்று நாடே கேட்டுக்கொண்டிருந்தபோது இதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. 2003 இல்தான் அமெரிக்க அரசின் மருந்து, மருத்துவக் கருவிகள் அனுமதிப் பிரிவு இதற்கு அனுமதி கொடுத்தது. விலை 20,000 டொலருக்கு மேல். அரச மருத்துவக் காப்புறுதி சாதாரண மின்சார நாற்காலியின் விலையை மாத்திரமே தர முன்வந்தது. மிகுதியை நோயாளியே போட வேண்டும். சில நூறு பேரே வாங்கினார்கள். 2009 இல் விற்பனை நிறுத்தப்பட்டது. 2016 இல் டொயோட்டா நிறுவனத்துடன் உடன்பாடு செய்து, புதிய வடிவில் திரும்ப வந்தது 2019 இல். இடையில் 10 ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளில் படியடியில் காத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

செக்வே வண்டியிலும் ஒரு நல்லது நடந்தது. அதை மருத்துவக் கருவியென்று நிறுவனம் விற்கவில்லை. ஆனாலும் நெடுந்தூரம் நடக்க இயலாதவர்கள் அதன் பயனைத் தாமாகவே கண்டுகொண்டார்கள். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரில் காயமடைந்து திரும்பிய அமெரிக்கப் படையினருக்கு 2005 முதல் ஒரு தொண்டு அமைப்பு அந்த வண்டிகளைச் சேகரித்துக் கொடுத்தது. செயற்கைக் காலுடன் நிற்கக்கூடியவர்கள் அதில் ஏறி வெளியே போனார்கள். உலகத்தை மாற்றும் என்று எதிர்பார்த்த வண்டி இப்படிச் சிலருடைய நாளை மாற்றியது. அது சிறிய காரியமல்ல.

ஆகவே, "இதெல்லாம் பொய்" என்பது நான் சொல்லவந்த பாடமல்ல. நல்ல யந்திரங்கள் வரத்தான் செய்கின்றன. கேமனின் குழுவே செய்த செயற்கைக் கை ஒன்றுக்கு 2014 இல் அனுமதி கிடைத்தது. அந்த வேலைக்கு ஏறக்குறைய 8 ஆண்டுகள் எடுத்தன. ஆனால் துணி போர்த்திக் காட்டுவதற்கும் எங்கள் கைக்கு வருவதற்கும் இடையில் அனுமதி இருக்கிறது, விலை இருக்கிறது, பழுது பார்ப்பவர் இருக்கிறார், வருடங்கள் இருக்கின்றன. அந்த வருடங்களில் எங்கள் கால் காத்திராது.

எங்களில் பலர் அணிந்திருக்கும் ஜெய்ப்பூர் கால் எப்படி வந்தது என்பதையும் அன்று சொன்னேன். 1968 இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில், பெரிய படிப்பில்லாத ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து செய்தது அது. டயர் ஒட்டும் கடையில் றப்பரைச் சூடாக்கிப் பதப்படுத்துவதைக் கண்டதில் இருந்து சர்மாவுக்கு வழி பிறந்தது என்று சொல்வார்கள். செருப்பில்லாமல் நடக்கலாம், குந்தி இருக்கலாம், வயலில் இறங்கலாம். திரை விலக்கி அதைக் காட்டியதாக நான் அறியவில்லை. அதைச் செய்யவும் திருத்தவும் எங்கள் மண்ணிலேயே ஆட்கள் பழகியிருக்கிறார்கள்.

*

கதை முடிந்ததும் தங்கச்சி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு நாங்கள் இருவரும் அந்த விளம்பரத்தை இன்னொரு தடவை பார்த்தோம். இந்தமுறை கேள்வி கேட்டுப் பார்த்தோம்.

எங்களைப் போன்ற யாராவது ஒருவர் இதைப் போட்டு நடந்து காட்டினாரா? இல்லை.

விலை சொன்னார்களா? இல்லை.

எங்கள் ஒழுங்கையிலும், மாரி வெள்ளத்திலும், கிணற்றடியிலும் பாவிக்கலாம் என்றார்களா? இல்லை.

பழுதானால் யார் திருத்துவார்கள்? தெரியாது.

கடைசிக் கேள்வியை அவளே கேட்டாள். "அதுமட்டும் நான் என்ன செய்யிறது?"

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் எங்களிடம் பதில் இருந்தது. அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை நானும் அவளும் பஸ் ஏறி மறுவாழ்வு நிலையத்துக்குப் போனோம். காலைப் பார்த்தவர் முதலில் புண்ணைத்தான் கவனித்தார். புண் ஆறும்வரை செயற்கைக் காலைப் போட வேண்டாம் என்று ஊன்றுகோல் தந்தார். எஞ்சியுள்ள கால் வருடங்கள் போகப்போக மெலிவதால் பழைய கிண்ணம் பொருந்தாமல் போவது வழமை, அதனால்தான் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம் என்று விளக்கினார். இன்னும் தாமதித்திருந்தால் புண் ஆழமாகியிருக்கும் என்றும் சொன்னார். ஆறு கிழமைக்குப் பிறகு அளவெடுத்தார்கள். இப்போது புதுக் கால் போட்டிருக்கிறாள். சீலைத்துண்டு சுற்றுவதில்லை. மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நடந்தே நிலையத்துக்கு வருகிறாள்.

அந்த விளம்பரத்தை அவள் இன்னமும் பார்ப்பதுண்டு. சென்ற கிழமையும் காட்டினாள். துணி இன்னும் விலகவில்லை.

"வந்தா வரட்டும் அக்கா. வரேக்கை இந்தக் காலாலை நடந்துபோய்ப் பாப்பம்" என்றாள்.

சகோதரிகளே, செயற்கைக் கால் பாவிக்கும் உங்களுக்கும் இதையே சொல்கிறேன். கிண்ணம் தளர்ந்தாலோ, தோல் சிவந்தாலோ, புண் வந்தாலோ எதற்காகவும் காத்திருக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கோ மறுவாழ்வு நிலையத்துக்கோ போய்க் காட்டுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவையோ தங்கச்சியையோ கூட்டிக்கொண்டு போங்கள். புதுமையானது ஏதும் வரப்போகிறது என்று யாராவது முற்பணம் கேட்டால், மேலே உள்ள கேள்விகளை அவரிடமே கேளுங்கள். பதில் வந்த பிறகு பணத்தைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.